மொட்டை மாடியில் குழைந்த பெட்டி

“மாமா, டேங்க் மேல ஒரு தொப்பி வெச்சோமே... அது இன்னா இப்படிப் படுத்துக்கிச்சு?”

மொட்டை மாடியிலிருந்து என் அக்கா மகள் பாப்பா கத்தினாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். காய்ந்த துணி எடுக்கப் போனவள், துணியை மறந்து தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள். 2024 மே மாதம் அது. கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏறிப் போய்ப் பார்த்தேன். தொட்டி மூடியின் மேல் விறைப்பாக நின்ற கறுப்புப் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து குழைந்து கிடந்தது. அதற்குள் இருந்த சென்சார், தண்ணீரைப் பார்க்க வேண்டியது, பக்கத்திலிருந்த பெட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே ஹாலில் உள்ள சின்னத் திரையோ “தொட்டி முழுக்க நிரம்பியிருக்கிறது” என்று இரண்டு நாளாகச் சாதித்துக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அந்தப் பெட்டி கடையில் வாங்கியதல்ல. நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே அச்சடித்தது. தாளில் இல்லை, பிளாஸ்டிக்கில்! அது ஏன் குழைந்தது, பிறகு என்ன செய்தோம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கரையாம்புத்தூர். புதுச்சேரியில் பாகூர் பக்கம். புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் சிதறிய பொரி மாதிரி துண்டு துண்டாக இருக்கும், இடையிடையே தமிழ்நாடு. எங்கள் பக்கத்தில் பஸ் ஏறினால் சீட்டு வாங்கி முடிப்பதற்குள் மாநில எல்லையை இரண்டு முறை தாண்டிவிடலாம். பக்கத்தில் தென்பெண்ணை ஆறு. சுற்றிலும் நெல்லும் கரும்பும். இந்தக் கரும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாடித் தொட்டி நிரம்பி வழிவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சென்சார் ஏற்கெனவே இருந்தது: எங்கள் ஆயாவின் காது. வழிகிற தண்ணீர் பின்கட்டில் விழும் சத்தம் கேட்டதும் “யார்ரா மோட்டார் போட்டது?” என்று குரல் வரும். ஆயாவுக்குக் காது மந்தமான பிறகு தண்ணீர் தெருவுக்கு ஓடத் தொடங்கியது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழேயே தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று யோசித்தோம். அப்படித்தான் ஆரம்பித்தது.

கார் பின்னால் வரும்போது “பீப் பீப்” என்று கத்துகிறதே, அந்த வகை சென்சார் ஒன்று வாங்கினேன். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவுத் தலை. வௌவால் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. ஒரு சத்தம் போடும்; அது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இதன் குரல் 40,000. அதனால் அது மாடியில் நாள் முழுக்கக் கத்தினாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றில் ஒலி ஒரு நொடியில் சுமார் 349 மீட்டர் போகும். எங்கள் தொட்டி 1000 லிட்டர். நிரம்பினால் தண்ணீரின் உயரம் சுமார் 100 சென்டிமீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 10 லிட்டர், முக்கால் பக்கெட். தொட்டி காலி என்றால் சென்சாருக்கும் அடித்தளத்துக்கும் 125 சென்டிமீட்டர். போய்த் திரும்ப இரண்டரை மீட்டர். 2.5-ஐ 349-ஆல் வகுத்தால் ஒரு நொடியின் ஆயிரத்தில் 7 பங்கு. கண் இமைப்பதற்குள் இதைப் பத்துத் தடவைக்கு மேல் செய்துவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெயில் ஏற ஏற ஒலியின் வேகமும் ஏறும். காற்று 25 டிகிரியில் இருக்கும்போது நொடிக்கு சுமார் 346 மீட்டர். 40 டிகிரியில் சுமார் 355. இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தொட்டி காலியாக இருக்கும்போது மூன்று சென்டிமீட்டர் பிசகும். விடியற்காலை ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு, நடுவில் 30 லிட்டர் மாயமாக முளைத்துவிடும்! தண்ணீரை யாரும் தொடவில்லை, காற்றுதான் சூடாகியிருக்கிறது. பாப்பா இதை ஒரு வாரம் நோட்டில் எழுதிக் கண்டுபிடித்தாள். பிறகு ஒரு வெப்பமானியையும் சேர்த்து வைத்துக் கணக்கைத் திருத்தினோம்.

சரி, பெட்டி எதற்கு? ஒரு பழைய சோப்பு டப்பா போதாதா? உண்மையில் பல வேலைகளுக்குச் சோப்பு டப்பாவே போதும். பிரின்டர் இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் பாதி ஒட்டகமும் கால் யானையுமாகக் கிடக்கும். எங்களுக்குத் தனிப் பெட்டி தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. இந்த வகை சென்சாருக்கு 20 சென்டிமீட்டருக்குள் உள்ள எதையும் சரியாகப் பார்க்கத் தெரியாது. எங்கள் தொட்டியில் மூடிக்கும் வழியும் குழாய்க்கும் நடுவில் 10 சென்டிமீட்டர்தான். ஆகவே சென்சாரை மூடிக்கு மேலே 15 சென்டிமீட்டர் உயர்த்திப் பிடிக்க ஒரு கழுத்து வேண்டும். மூடியின் வளைவில் பொருந்த வேண்டும், மழைத் தண்ணீர் இறங்கக் கூடாது. அப்படி ஒன்று எந்தக் கடையிலும் விற்காது.

இப்போது பிரின்டருக்கு வருவோம். தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு அச்சில் முறுக்குப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். குழலில் மாவு, அடியில் ஓட்டை, மேலிருந்து அழுத்தம். 3டி பிரின்டரும் அதேதான். மாவுக்குப் பதில் பிளாஸ்டிக் கம்பி. 1.75 மில்லிமீட்டர் தடிமன், நூல்கண்டு மாதிரி சுற்றி வரும். பி.எல்.ஏ என்ற வகைக் கம்பியில் ஒரு கிலோவைப் பிரித்து நீட்டினால் 330 மீட்டருக்கு மேல் போகும். ஒரு பல்சக்கரம் அதைத் தள்ளும். கீழே பித்தளை மூக்கு, 200 டிகிரிச் சூட்டில். முறுக்குப் பொரியும் எண்ணெயைவிட அதிகச் சூடு. மூக்கின் ஓட்டை 0.4 மில்லிமீட்டர். உருகிய பிளாஸ்டிக் அதன் வழியாக மெல்லிய இழையாக வழியும்.

முறுக்கைப் பாட்டி கை சுற்றுகிறது. இங்கே யார் சுற்றுவது? கம்ப்யூட்டரில் நாம் வரைந்த உருவத்தை ஒரு மென்பொருள் கிடைமட்டமாக வெட்டி வெட்டி நூற்றுக்கணக்கான ஏடுகளாக்கும். அதற்கு ஸ்லைசர் என்று பெயர். பிறகு ஒவ்வோர் ஏட்டையும் எப்படி இழுக்க வேண்டும் என்று கட்டளைகள் எழுதும். கோலம் போடத் தெரியாதவருக்குப் போனில் கோலம் சொல்லிக் கொடுப்பதுபோல: “வலது பக்கம் நாலு புள்ளி போ, மேலே ரெண்டு புள்ளி, இப்ப கையைத் தூக்கு.” ஓர் ஏட்டின் தடிமன் 0.2 மில்லிமீட்டர். எங்கள் 15 சென்டிமீட்டர் கழுத்துக்கு 750 ஏடுகள். ஒன்பது மணி நேரம் ஓடியது. முதல் தடவை ஏழாவது மணி நேரத்தில் கரண்ட் போனது. அந்த முக்கால் கழுத்தில் இப்போது ஆயா வெற்றிலைக் காம்பு போட்டு வைக்கிறார்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஸ்காட் க்ரம்ப் என்ற அமெரிக்கர். 1988 வாக்கில், தன் சின்ன மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்ய ஆசைப்பட்டு, சூட்டில் பசை வழியும் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கையும் மெழுகையும் கலந்து, சமையலறையில் ஏடு ஏடாக வைத்துப் பார்த்தார். 1992-இல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, சக் ஹல் என்பவர் ஒளி பட்டால் இறுகும் திரவத்தை வைத்து வேறு முறையில் 1980-களில் அச்சடித்துவிட்டார். ஆனால் வீட்டு மேசைக்கு வந்தது தவளை வழிதான். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர் 2005-இல், “தன் பாகங்களைத் தானே அச்சடிக்கும் இயந்திரம் செய்வோம், வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்போம்” என்று கிளம்பினார். 2009-இல் க்ரம்ப்பின் காப்புரிமைக் காலமும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் விலை சரசரவென்று இறங்கியது. அந்த ஒரு தவளை இல்லாவிட்டால் கரையாம்புத்தூரில் இந்தக் கழுத்து இல்லை.

எனக்கு இந்த இயந்திரத்தை உண்மையில் புரியவைத்தது அமெரிக்கா அல்ல, வில்லியனூர். எங்கள் ஊரிலிருந்து போய் வரும் தூரம்தான். அங்கே செய்யும் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கத்திய கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மண் குதிரை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பாம்பு மாதிரி உருட்டிய மண்ணை ஒன்றின் மேல் ஒன்றாக வளைத்து வைத்துக் காலை எழுப்புவார்கள். கால் கொஞ்சம் இறுகும் வரை வயிற்றைத் தொட மாட்டார்கள். தொட்டால், பாரம் தாங்காமல் கால் விரியும். பிரின்டரின் மூக்கருகே ஒரு குட்டி விசிறி சுற்றுவது இதற்குத்தான்: கீழ் ஏடு இறுகின பிறகு மேல் ஏடு.

குதிரையின் வயிறு வெளியே தள்ளி நிற்குமே, அது எப்படி விழாமல் இருக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே போவார்கள். ரொம்பத் தள்ளினால் அடியில் முட்டுக் கொடுப்பார்கள். பிரின்டரிலும் அப்படியே. சாய்வு 45 டிகிரி வரை பரவாயில்லை, அதற்கு மேல் படுத்தால் அந்தரத்தில் இழை தொங்கிவிடும். அடியில் முட்டு அச்சடித்து, முடிந்ததும் பிய்த்துப் போட வேண்டும். புத்திசாலி என்ன செய்வார் தெரியுமா? உருவத்தையே திருப்பிப் போட்டு முட்டு வேண்டாதபடி செய்துவிடுவார். பாப்பா எங்கள் கழுத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். 40 கிராம் பிளாஸ்டிக் மிச்சம்.

இன்னொன்று. மண் குதிரைக்கு உள்ளே எதுவும் இருக்காது, வெறும் பொள்ளல். கெட்டியாகச் செய்தால் சூளையில் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். பிளாஸ்டிக் வெடிக்காது, ஆனால் கெட்டியாக நிரப்புவது வீண். சுவரை மட்டும் நன்றாக வைத்து, உள்ளே தேன்கூடு மாதிரி வலை பின்னினால் போதும். நூற்றுக்கு 15, 20 பங்கு நிரப்பினாலே கைக்குக் கல் மாதிரி இருக்கும். உறுதி வேண்டுமென்றால் உள்ளே நிரப்பாதீர்கள், சுவரில் ஒரு சுற்றுக் கூடப் போடுங்கள்.

அளவில் ஒரு அடி வாங்கினோம். சென்சாரின் தலை 22 மில்லிமீட்டர். ஓட்டையையும் 22 என்றே வரைந்தோம். அச்சடித்து வந்ததும் உள்ளே போகவில்லை. உருகிய இழை கொஞ்சம் பரவும், ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். ஓட்டைகள் எப்போதும் நினைத்ததைவிடச் சின்னதாகவே வரும். பாப்பா உப்புத்தாளை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். அடுத்த தடவை 22.4 வைத்தோம். இதற்கு ஒரு வழி: பெரியதை அச்சடிக்குமுன், அந்த ஓட்டை உள்ள பகுதியை மட்டும் ஒரு விரல் கனத்துக்கு அச்சடித்துப் பொருத்திப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை, ஒன்பது மணி நேரத்தைக் காப்பாற்றும்.

இப்போது கரும்பு.

பி.எல்.ஏ என்ற பிளாஸ்டிக்தான் வீட்டுப் பிரின்டரில் அதிகம் ஓடுவது. இது மண்ணெண்ணெய், பெட்ரோல் வந்த இடத்திலிருந்து வருவதில்லை. சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நுண்ணுயிரிகளுக்குத் தின்னக் கொடுப்பார்கள். அவை அதை லாக்டிக் அமிலமாக்கும். தயிர் புளிக்கிறதே, அதே அமிலம். அந்த அமில மூலக்கூறுகளை மாலையாகக் கோத்தால் பி.எல்.ஏ. தாய்லாந்தில் ராயோங் என்ற இடத்தில் கரும்புச் சர்க்கரையிலிருந்தே இதைச் செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. எங்கள் வயலில் நிற்கும் பயிரும் எங்கள் பிரின்டரில் ஓடும் கம்பியும் சொந்தக்காரர்கள் என்று தெரிந்ததும் ஆயா கம்பியை மோந்து பார்த்தார்.

சர்க்கரைக்குப் பிறந்ததாலோ என்னவோ, இதன் குணமும் கமர்கட்டு மாதிரிதான். மார்கழியில் கமர்கட்டைக் கடித்தால் பல் வலிக்கும். சித்திரையில் சட்டைப்பையில் வைத்திருந்தால் பையோடு ஒட்டிக்கொள்ளும். அது உருகவில்லை, கவனியுங்கள். உருக இன்னும் நிறையச் சூடு வேண்டும். உள்ளே அசையாமல் உறைந்து கிடந்த மூலக்கூறுகள் கொஞ்சம் நெளிய ஆரம்பித்துவிட்டன, அவ்வளவுதான். பி.எல்.ஏ-வுக்கு அந்த எல்லை 60 டிகிரி. அதற்குக் கீழே கெட்டி. தாண்டினால் தன் பாரத்தையே தாங்காது.

“வெயில் நாப்பது டிகிரிதானே மாமா? அறுவது எங்கிருந்து வந்துச்சு?” என்று பாப்பா கேட்டாள்.

நல்ல கேள்வி. செய்தியில் சொல்லும் 40 டிகிரி, நிழலில் உள்ள காற்றின் சூடு. வெயிலில் கிடக்கும் பொருளின் சூடு அது இல்லை. மத்தியானம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள், வேண்டாம், நடக்காதீர்கள்! அந்தத் தளம் காற்றைவிட எவ்வளவோ சூடு. கறுப்பு நிறம் விழுகிற வெளிச்சத்தை எல்லாம் விழுங்கும். நாங்கள் கறுப்புக் கம்பியில் அச்சடித்திருந்தோம், அழகாக இருக்கும் என்று. ஆய்வக வெப்பமானியைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தால் பாதரசம் 60-ஐத் தாண்டி நின்றது.

கம்பி விற்கும் பெட்டிகளில் “மக்கும்” என்று பச்சை இலை படம் போட்டிருப்பார்கள். அதை நம்பி உங்கள் உரக்குழியில் போடாதீர்கள். பி.எல்.ஏ மக்க 58, 60 டிகிரிச் சூடு பல வாரம் நிலையாக இருக்கும் தொழிற்சாலைக் குழி வேண்டும். சாதாரண மண்ணில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். தேவையில்லாததை அச்சடிக்காமல் இருப்பதுதான் இதற்கு ஒரே மருந்து.

இரண்டாவது பெட்டியைப் பெட்-ஜி என்ற பிளாஸ்டிக்கில், வெள்ளை நிறத்தில் செய்தோம். தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்குக்குத் தங்கை முறை இது. சுமார் 80 டிகிரி வரை தாங்கும். மூக்கின் சூட்டை 240 வைக்க வேண்டும். ஏ.எஸ்.ஏ என்று இன்னொன்று இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரையும் தாங்கும், ஆனால் அச்சடிக்கும்போது வாடை வரும், கதவு ஜன்னல் திறந்து வைக்க வேண்டும். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்குப் பி.எல்.ஏ போதும். வெயிலில் நிற்பதற்கு வேண்டாம். பைக் சீட்டுக்கு முன்னால் போன் மாட்டும் கொக்கி செய்து தரச் சொல்லி ஊரில் நாலு பேர் கேட்டார்கள், பி.எல்.ஏ-வில் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. இந்தக் கம்பிகள் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த கம்பி சூடான மூக்குக்குள் போனதும் கடுகு வெடிக்கிற மாதிரி படபடக்கும். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக இழுக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சின்ன வெள்ளைப் பொட்டலம் தெரியுமா? சிலிக்கா ஜெல். அதைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். காற்றுப் புகாத அரிசி டப்பாவில் கம்பிச் சுருளோடு போட்டு மூடினால் போதும்.

பெட்டி முடிந்தது. அதை ‘ஸ்மார்ட்’ கருவியாக்குகிற பாதி இன்னும் இருக்கிறது.

சென்சார் அளந்ததைக் கீழே சொல்ல வேண்டும். அதற்கு ஈஎஸ்பி32 என்ற சில்லு. 2016-இல் வந்தது, சில நூறு ரூபாய்தான், தீப்பெட்டியளவு பலகையில் வைஃபையும் சேர்ந்தே இருக்கும். வைஃபைக்கு இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் முட்டிக்கொண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, சுவரைக் கொஞ்சம் நன்றாகத் துளைக்கும். இந்தச் சில்லுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். “ஸ்மார்ட் பல்பு வாங்கினேன், இணையவே மாட்டேன் என்கிறது” என்று யாராவது சொன்னால், வீட்டு வைஃபை எந்த வரிசையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே இந்த மாதிரிக் கருவி வயலுக்கு வந்துவிட்டது. ராத்திரி மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, பாம்பு பூச்சிக்குப் பயந்துகொண்டு மோட்டார் போட நடப்பது விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. புணே பக்கத்துப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்ட்வால், தன் தாத்தா அப்படி நடந்ததைப் பார்த்து, செல்போனால் பம்பு செட்டை இயக்கும் ‘நானோ கணேஷ்’ என்ற கருவியைச் செய்தார். இப்போது பல ஊர் வயல்களில் சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர்கள் இருக்கின்றன. ஒரு போன் செய்தால் மோட்டார் ஓடும். ஸ்மார்ட் வீடு என்று விளம்பரம் செய்கிறவர்கள் கரும்புத் தோட்டத்துப் பம்பு ஷெட்டை ஒரு தரம் எட்டிப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் வேறொரு கருவியும் வாங்கியிருந்தோம், போனில் தொட்டால் விளக்கு எரியும் ஸ்மார்ட் பிளக். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையும் பொங்கியது. கரண்ட் போனது. பிறகு கரண்ட் வந்தது, ஆனால் நெட் வரவில்லை. போனில் தொடுகிறேன், தொடுகிறேன், விளக்கு எரியவில்லை. மூன்றடி தூரத்தில் இருக்கிறது பிளக்! என் அக்கா எழுந்துபோய் அதன் பக்கத்தில் இருந்த பட்டனை விரலால் அமுக்கினார். எரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஏன் அப்படி? இந்த மாதிரி கருவிகளில் பலவும் நாம் சொல்வதை நேராகக் கேட்பதில்லை. போனிலிருந்து கட்டளை வெளியே கிளம்பி, கேபிள் வழியாக எங்கோ ஓர் ஊரில், சில சமயம் வேறு நாட்டில் உள்ள கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்ப நம் வீட்டுப் பிளக்குக்கு வரும். பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கச் சென்னைக்குப் போய் வருவது மாதிரி. நெட் இருக்கும்போது ஒரு நொடிகூட ஆகாது, அதனால் நமக்குத் தெரிவதில்லை. புயல் வந்தால் தெரியும். அந்தக் கம்பெனி கடையை மூடினாலும் தெரியும்.

தொட்டிக் கருவி அந்தப் புயலிலும் வேலை செய்தது. அது வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ஹாலில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதைப் பால் சொசைட்டியின் கரும்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிச் சில்லு வந்து ‘தண்ணீர்’ என்ற தலைப்பின் கீழ் “62 சென்டிமீட்டர்” என்று எழுதிவிட்டுப் போகும். திரை அந்தத் தலைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படிப் பேசும் முறைக்கு எம்.கியூ.டி.டி என்று பெயர். 1999-இல், பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உண்டாக்கியது. சுருக்கமாகப் பேச வேண்டும் என்பதற்காகவே பிறந்தது, அதனால் சின்னச் சில்லுக்கும் ஏற்றது.

ஸ்மார்ட் கருவி எது வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நெட் இல்லாமல் வேலை செய்யுமா? கையால் அமுக்கப் பட்டன் இருக்கிறதா? கடவுச்சொல்லை மாற்ற முடியுமா? மூன்றாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2016-இல் ‘மிராய்’ என்ற கெட்ட மென்பொருள் உலகம் முழுக்க உள்ள வீட்டுக் கேமராக்களுக்குள் நுழைந்தது. பூட்டை உடைக்கவில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த ‘அட்மின்’, ‘12345’ மாதிரி அறுபது சொச்சம் கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்த்தது, அவ்வளவுதான். யாரும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். அந்தக் கேமராக்கள் எல்லாம் சேர்ந்து அக்டோபர் மாதம் ஒரு நாள் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கின.

எங்கள் கருவி மோட்டாரைத் தானாக நிறுத்தாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். அது சொல்லும், நாங்கள் எழுந்து போய் நிறுத்துவோம். மோட்டார் 230 வோல்ட். கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்த வேலைக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் வேண்டும். நீங்கள் 5 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யு.எஸ்.பி சார்ஜர் தருவது அவ்வளவுதான். ஸ்விட்ச் போர்டைத் திறக்கிற வேலை கண்டிப்பாகக் கூடாது. பிரின்டரின் மூக்கைத் தொடவும் கூடாது. தோசைக்கல்லில் விரலை வைக்கிற மாதிரி.

இந்த 3டி அச்சு என்னமோ வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் ஐ.ஐ.டி வளாகத்தில் 2021-இல் இதே முறையில், பிளாஸ்டிக்குக்குப் பதில் கான்கிரீட்டைப் பிழிந்து 600 சதுர அடி வீடு கட்டினார்கள். அதே வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் என்ற நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டை அனுப்பியது. அதன் என்ஜின், இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக உலோகத்தில் அச்சடித்தது. எங்கள் பெட்டி குழைந்த அதே மாதம்! பாப்பா அந்தச் செய்தியை வெட்டிப் பிரின்டர் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள்.

உங்கள் பள்ளியில் ‘அடல் டிங்கரிங் லேப்’ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2016-இலிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளில் தொடங்கியிருக்கிறார்கள்; ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்கு. பெரும்பாலும் ஒரு 3டி பிரின்டர் அதில் இருக்கும். சில இடங்களில் அது உறை போட்டுப் பூட்டிக் கிடக்கும். ஆசிரியரிடம் போய், “சார், அதில் ஒரு குழாய்க் கைப்பிடி அச்சடிக்கலாமா?” என்று கேளுங்கள். உடைந்த கைப்பிடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

பிரின்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு காலி டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் கறுப்புத் தாள், மற்றதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். பள்ளி ஆய்வகத்தில் 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி இருக்கும், ஆசிரியரைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம். அது 42 டிகிரியோடு நின்றுவிடும், சூட்டில் உடைந்தும் போகும். வீட்டுப் பெரியவர் ஒருவரோடு மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு டப்பாவையும் மாடியில் வையுங்கள், அரைமணி கழித்து இரண்டின் சூட்டையும் பாருங்கள். ஊர்ப் பெயர், தேதி, நேரம், இரண்டு எண்கள், இவ்வளவும் ஒரு தபால் அட்டையில் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். கரையாம்புத்தூரின் எண்களைப் பாப்பா முதல் அட்டையாக எழுதி வைத்துவிட்டாள்.